இழப்பை எண்ணிய பள்ளியாசிரியர்

மருதானைப் புகையிரத நிலையத்துக்கு அண்மையிலே வாழ்பவர்க்கு ஓசை புதியதன்று. தலைமைப் பாதையும் கரையோரப் பாதையும் களனி வெளிப் பாதையும் அங்கே கூடிப் பிரிகின்றன. காலையும் மாலையும் வண்டிகளின் ஊதொலியோடு பஞ்சிகாவத்தைப் பக்கத்துப் பேருந்துகளின் ஆரவாரமும் சேர்ந்து கொள்ளும். ஆயினும், 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொள்ளைநோயால் ஊர் அடங்கிப் பள்ளிகள் மூடப்பட, யான் என் வீட்டு அறையிலிருந்து கைத்தொலைபேசி வழியே பாடம் நடத்தத் தொடங்கியபோது, மாணவர் குரல் செவ்வனே கேளாமைக்கு இவ்வோசைகளைக் காரணங் கூற இயலவில்லை. தெருவோ அமைதியாயிருந்தது. குரலோ துண்டு துண்டாகவே வந்தது.

பாலபண்டித வகுப்பு அது. கொட்டாஞ்சேனையிலிருந்து சேர்ந்திருந்த மாணவி ஒருத்தி செய்யுளொன்றை ஓதிப் பொருள் கூற வேண்டிய நாள். வாய்மொழிப் பரீட்சையாதலால் புள்ளிகளும் உண்டு. அவள் ஓதத் தொடங்கினாள். முதலடி முழுமையாக வந்தது. இரண்டாமடியில் ஒரு சீர் மறைந்தது. மூன்றாமடியில் ஓசை இடையிடையே அற்றது. ஈற்றடியில் ஏறக்குறைய ஒன்றுமே எஞ்சவில்லை. பாடம் பண்ணாமல் வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். ஏனைய மாணவர் கேட்கக் கடிந்துரைத்து, 20 புள்ளிகளில் 6 வழங்கினேன். அவள் ஏதோ மறுமொழி கூற முயன்றாள் போலும். அதுவும் என் செவிக்கு எட்டவில்லை.

சில நாட் கழித்து என் பழைய மாணாக்கர் ஒருவர் நலம் விசாரிக்க அழைத்தார். கணினி வலையமைப்புப் பணியில் இருப்பவர். மாணவர் தரங் குறைந்து போனமை பற்றி யான் அவரிடம் நெடுநேரம் புலம்பினேன். அவர் பொறுமையாகக் கேட்டிருந்து, ஒரே ஒரு வினாவை வினவினார். அம்மாணவியின் குரல் சொல் முடியுமிடத்தில் நின்றதா, அன்றி எழுத்தின் நடுவிலே அறுந்ததா என்பதே அது. யான் சிறிது நினைந்து பார்த்து, எழுத்தின் நடுவிலே என்றேன். பாடம் மறந்தவர் சொல்லெல்லையிலே தடுமாறி நிற்பர் என்றும், எழுத்தின் நடுவே அறுவது மறதியன்று, பொதியிழப்பு என்றும் அவர் பணிவோடு கூறினார். நாற்பதாண்டுகளை நெருங்கும் என் ஆசிரியத் தொழிலில் இவ்வளவு எளிய வேறுபாட்டை யான் எண்ணிப் பார்த்ததில்லை.

பின்னர் அவர் விளக்கியது இது. தொலைபேசியில் நாம் பேசும் குரல் இக்காலத்தில் ஒரே தொடராகச் செல்வதில்லை. அதைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் சேருமிட முகவரியைப் பொறித்து, தபாற் பொதிகளைப் போல் அனுப்புகின்றனர். ஒரு பொதியில் அடங்குவது பெரும்பாலும் ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குக் குரலே. இலக்கண நூலார் கண்ணிமைப் பொழுதை ஒரு மாத்திரை என்றனர். ஒரு குறிலை ஒலிக்கும் நேரத்துக்குள் நான்கைந்து பொதிகள் அடங்கிவிடும். இப்பொதிகள் ஊராருக்கெல்லாம் பொதுவான வழியிலே செல்கின்றன. அவ்வழியில் சில ஒன்றோடொன்று மோதி அழிகின்றன. சில இடமின்மையால் தள்ளப்படுகின்றன. ஒன்றிரண்டு தொலைந்தால் செவி உணராது. அடுத்தடுத்து ஐந்து தொலைந்தால் ஓரெழுத்துப் போயிற்று; ஐம்பது தொலைந்தால் ஒரு சீர் போயிற்று.

இவ்விழப்பை முதன்முதல் எண்ணிக் கணித்தவர் யாவர் என்று கேட்டேன். எர்லாங் என்றொரு டென்மார்க்கு நாட்டவர் என்றும், தம் தொழிலில் அவர் பெயரைச் சொல்லாத நாளில்லை என்றும் அவர் கூறினார். அப்பெயருடையவர் ஒரு பள்ளியாசிரியர் என்பது அவருக்கும் தெரியாது. யானே பின்பு தேடிப் படித்து அறிந்தேன். அறிந்ததை இங்கே எழுதுகின்றேன்.

டென்மார்க்கின் யுட்லாந்துப் பகுதியில், தார்ம் என்னும் ஊருக்கு அண்மையில், லோன்போர்க் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1878ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அக்னர் கிராருப் எர்லாங் பிறந்தார். தந்தையார் ஹான்ஸ் நீல்சன் எர்லாங், ஊர்ப் பள்ளியாசிரியர். திருச்சபைக் கோயிற்பற்றின் எழுத்தருமாவார். தாயார் மக்தலேன் கிராருப், சமயத் தொண்டர் குடும்பத்தவர். அத்தாயின் முன்னோருள் தோமஸ் ஃபிங்கே என்னும் பழைய கணித அறிஞரும் ஒருவர். அக்னருக்கு மூத்தவர் பிரெடெரிக் என்னும் தமையனார், தங்கையர் இருவர்.

மாலை வேளைகளில் அண்ணனும் தம்பியும் ஒரே நூலை விரித்து எதிரெதிரே அமர்ந்து படிப்பார்களாம். தமையனார் நேராகப் படிப்பார். தம்பியோ எதிர்ப்புறத்திலிருந்து எழுத்துகளைத் தலைகீழாகவே படித்து முடித்துவிடுவார். நூல் குறைந்த வீட்டிலே பிள்ளைகள் இவ்வாறு வழி கண்டுபிடிப்பது எந்நாட்டிலும் உண்டு. சிறுவர் அக்னருக்கு வானநூலில் பெருவிருப்பம். அது பற்றிக் கவிதைகளும் இயற்றினார். 14 வயதிலே கொப்பன்ஹேகன் சென்று தொடக்கத் தேர்வு எழுதினார். வயது போதாமையால் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. சிறப்பாகத் தேறினார். தேறியவர் ஊருக்குத் திரும்பி, இரண்டாண்டு தந்தையின் பள்ளியிலே துணையாசிரியராயிருந்து கற்பித்தார். அக்காலத்திலே இலத்தீனும் பிரெஞ்சும் கற்றார். பின்பு உறவினர் ஒருவர் வீட்டிலே உண்டியும் உறையுளும் பெற்று மேற்கல்வி கற்று, 1896இல் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்விலும் சிறப்புற்றார். வறிய மாணவர்க்குரிய உதவி பெற்று, கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதத்தை முதற்பாடமாகவும் வானநூல், பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றைத் துணைப்பாடங்களாகவும் பயின்று 1901இல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அதன்பின் ஏழாண்டு பள்ளிகளிலே ஆசிரியத் தொழில். எர்லாங்கின் வாழ்வை எழுதினோர் இவ்வேழாண்டுகளை ஓரிரு வரிகளிலே கடந்து விடுகின்றனர். எனக்கு அவ்வாறு கடக்க மனம் வரவில்லை. அவர் உள்ளம் ஆராய்ச்சியையே நாடியது. ஆயினும் நல்லாசிரியர் எனப் பெயர் எடுத்தார். மிகக் குறைவாகவே பேசுவார். பேசினால் சுருங்கச் சொல்லி விளங்கவைப்பார். கூட்டத்திலே கலந்து பேசுவதினும் ஒருபுறம் இருந்து நோக்குவதே அவருக்கு உவப்பு. நண்பர்கள் அவருக்குத் தனியர் என்று விளையாட்டாகப் பெயரிட்டிருந்தனர். விடுமுறைக் காலங்களில் பிரான்சு, சுவீடன், செருமனி, இங்கிலாந்து ஆகிய நாடுகளுக்குச் சென்று நூலகங்களையும் ஓவியக் கூடங்களையும் கண்டு வருவார். இவற்றுக்கிடையே, ஹைகன்ஸ் என்னும் பழைய அறிஞரின் கணக்கு முறை பற்றிப் பல்கலைக்கழகம் விடுத்த பரிசு வினாவுக்கு விடை எழுதிப் பாராட்டும் பெற்றார். பகலெல்லாம் பிள்ளைகளுக்குக் கற்பித்து, இரவிலே தாம் மாணவராயிருந்த வாழ்வு அது.

கணிதச் சங்கக் கூட்டங்களிலே அவருக்கு யொஹான் யென்சன் அறிமுகமானார். யென்சன் கணிதத்தில் பட்டம் பெறாதவர். எனினும் அவர் பெயரால் வழங்கும் கணித விதியொன்று இன்றும் பாடநூல்களில் உள்ளது. கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியின் தலைமைப் பொறியியலாளர் அவரே. அக்கம்பனியின் இயக்குநர் யொஹான்சன் என்பவரோ, அழைப்பவர் காத்திருக்கும் நேரம் பற்றித் தாமே ஆராய்ந்து எழுதியவர். இவ்விருவர் நடுவே எர்லாங் வந்து சேர்ந்தார். 1908இல், தம் முப்பதாம் அகவையிலே, பள்ளியை விட்டுத் தொலைபேசிக் கம்பனியின் ஆய்வுப் பணிக்குப் போனார்.

அங்கே அவர்க்குக் கிடைத்த வினா எளிமையானது போலத் தோன்றும். ஓர் ஊரிலே நூறு வீடுகளுக்குத் தொலைபேசி உண்டு. வெளியூருக்குச் செல்லும் கம்பிகளோ சில. நூறு வீட்டாரும் ஒரே நேரத்தில் பேசப் போவதில்லை. ஆதலால் நூறு கம்பி வேண்டா. எத்தனை கம்பி போதும்? குறைத்தால் அழைப்பவர் வழி கிடையாமல் திரும்புவர். கூட்டினால் செம்பும் பணமும் வீண். அக்காலத்தில் இதை அனுபவத்தாலும் ஊகத்தாலுமே முடிவு செய்தனர்.

எர்லாங் முதலிலே நோக்கியது, அழைப்புகள் வரும் முறையை. ஒருவர் அழைப்பதை மற்றவர் அறியார். யாரும் யாரோடும் கலந்து பேசி அழைப்பதில்லை. அவ்வாறாயின், நிமிடத்துக்குச் சராசரி ஓர் அழைப்பு என்றால், ஒவ்வொரு நிமிடமும் ஒவ்வோர் அழைப்பு வரும் என்று நாம் கொள்ளலாமா? கொள்ளலாகாது. நூறு நிமிடங்களை எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய 37 நிமிடங்களில் ஒருவருமே அழைத்திரார். 37 நிமிடங்களில் ஒருவர் மட்டும் அழைத்திருப்பார். எஞ்சிய 26 நிமிடங்களிலே இருவரோ மூவரோ அதற்கும் மேற்பட்டோரோ வந்து முட்டியிருப்பர். இவ்வகைப் பகுப்பைப் பிரெஞ்சு நாட்டுப் புவசோன் என்பவர் 1837இலேயே கணித நூலிலே எழுதியிருந்தார். பிரசியப் படையிலே குதிரை உதைத்து இறந்த வீரர்களின் தொகை ஆண்டுதோறும் இம்முறைப்படியே மாறியதென்பதையும் 1898இல் ஒருவர் காட்டியிருந்தார். தொலைபேசி அழைப்பும் அவ்வாறே வருகின்றது என்று 1909இல் நிறுவியவர் எர்லாங். வழி வெறிதாய்க் கிடந்த நேரத்தைக் காட்டி, வழி போதுமானது என்று எவரும் வாதிடுவதற்கு அன்றோடு இடமில்லாது போயிற்று.

1917இல் வெளிவந்தது அவருடைய தலையாய கட்டுரை. வழி கிடையாதவர் திரும்பிப் போய்விடும் நிலையில் நூற்றுக்கு எத்தனை அழைப்பு இழப்பாகும், வழி கிடைக்கும் வரை வரிசையில் நிற்கும் நிலையில் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்னும் இரண்டுக்கும் அதிலே சூத்திரம் உண்டு. முன்னதைக் கணிதம் அறியாத வாசகரும் செய்து பார்க்கலாம். யானும் ஒரு தாளிலே செய்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் 20 அழைப்பு வருகின்றது. ஒவ்வொன்றும் சராசரி மூன்று நிமிடம் நீள்கிறது. மொத்தம் 60 நிமிடப் பேச்சு. அழைப்புகளெல்லாம் வரிசையாக வந்தால் ஒரே கம்பி போதும். ஆனால் வரிசையாக வருவதில்லையே. ஒரு கம்பி மட்டும் இருந்தால், இரண்டில் ஒன்று இழப்பாகும் என்கிறது சூத்திரம். இரண்டு கம்பி இருந்தால் ஐந்தில் ஒன்று. மூன்றாயின் பதினாறில் ஒன்று. நான்காயின் 65இல் ஒன்று. ஐந்தாயின் 326இல் ஒன்று. முன்வந்த எண்ணை அடுத்த கம்பியின் எண்ணாலே பெருக்கி ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் வந்துவிடும். இவ்வளவு எளிய படிமுறையினுள்ளே ஒரு நகரத்தின் தவிப்பெல்லாம் அடங்கியிருந்ததைக் கண்டபோது, தாளை மடித்து வைக்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

இன்னொன்றும் கண்டேன். பொதுவழி என்றாலே தீது என்றும், தனித்தனி வழி இருந்தால் இழப்பில்லை என்றும் யான் எண்ணியிருந்தேன். கணக்கு அதற்கு மாறாக நின்றது. பத்துத் தெருக்களுக்குத் தெருவுக்கொரு கம்பியாகப் பங்கிட்டு, ஒவ்வொன்றிலும் மணிக்கு 20 அழைப்பு வந்தால், எங்கும் பாதி இழப்பே. அதே பத்துக் கம்பிகளையும் பத்துத் தெருக்களுக்கும் பொதுவாக்கி 200 அழைப்புகளையும் அவற்றிலே விட்டால், நூற்றுக்கு 21 அளவே இழப்பு. பங்கிட்டுக் கொடுப்பதினும் பொதுவில் வைப்பதே இழப்பைக் குறைக்கின்றது. நிலபுலத்தைப் பங்கு பிரித்துக் கெட்ட குடும்பங்களை அறிந்தவர்க்கு இது வியப்பாகாது.

எர்லாங்கின் சூத்திரத்தைப் பிரித்தானியத் தபாற் பகுதியார் தம் தொலைபேசி வேலைக்கு விரைவிலே எடுத்துக்கொண்டனர். அவர் கட்டுரைகளை மூலத்திலே படிப்பதற்காக டேனிய மொழியைக் கற்ற அயல்நாட்டு அறிஞரும் உண்டென்பர். அவரோ தம் ஆய்வுகூடத்திலே அடக்கமாக இருந்தார். நிலத்தின் கீழுள்ள தொலைபேசிக் கம்பிகளிலே மின்னோட்டம் கசியும் இடங்களை அளப்பதற்காக, ஏணி சுமந்த தொழிலாளி ஒருவரை உடன் கொண்டு, கொப்பன்ஹேகன் தெருக்களிலுள்ள குழிகளிலே தாமே இறங்குவார். கணித மேதையொருவர் தெருக் குழியிலிருந்து தலை நீட்டும் காட்சியை நகரத்தார் கண்டு பழகியிருப்பர். திருமணம் செய்யவில்லை. ஈட்டிய பொருளிலே நூல் வாங்கினார். கணிதமும் வானநூலும் மட்டுமன்றி வரலாறு, தத்துவம், கவிதை ஆகியனவும் அந்நூலகத்தில் இருந்தன. வறியவர்கள் அவரைத் தேடி ஆய்வுகூடத்துக்கே வருவர்; பிறர் அறியாதபடி கொடுத்தனுப்புவார். ஏறக்குறைய இருபதாண்டுப் பணியில் நோயென்று ஒரு நாளும் வராதிருந்ததில்லை. 1929ஆம் ஆண்டு சனவரியில் வயிற்று நோயால் மருத்துவமனை சென்று சத்திர சிகிச்சைக்கு உட்பட்டவர், பெப்ரவரி 3ஆந் திகதி மறைந்தார். அகவை 51.

அவர் காலத்திலே கணினியுமில்லை, பொதியுமில்லை. கம்பி கிடையாத அழைப்பு திரும்பிப் போகும். பேசிக் கொண்டிருப்பவரை அது கெடுப்பதில்லை. வானொலி அலையைப் பலர் பொதுவாகக் கையாளும் நிலையிலோ அவ்வாறன்று. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் சொல்லும் கெடும். வகுப்பிலே இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் விடை சொன்னால் ஆசிரியருக்கு எதுவும் விளங்காதது போன்றதே இம்மோதல்.

1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏபிரம்சன் என்பவர் தீவுகளிலுள்ள கணினி முனைகளை நடுநிலையக் கணினியோடு ஒரே வானொலி அலையால் இணைத்தார். அலோஹா என்று பெயரிட்டார். யாருக்கும் முறை வகுக்கவில்லை. வேண்டியபோது அனுப்புக, கிடைத்ததென்று மறுமொழி வராவிட்டால் சிறிது நேரங் கழித்து மீள அனுப்புக என்பதே விதி. இவ்வலை எவ்வளவு தாங்கும் என்று கணிப்பதற்கு அவர் கைக்கொண்டது, எர்லாங் தொலைபேசிக்கு நிறுவிய அதே வரவு முறையைத்தான். விடை நூற்றுக்கு 18. அதற்கு மேல் அவ்வலையில் பயன் பெற இயலாது. எஞ்சிய நேரம் வெறிதாகவோ மோதலாகவோ கழியும். எல்லாரும் ஒரு கடிகாரத்தின் துடிப்பிலேயே தொடங்க வேண்டும் என்று அடுத்த ஆண்டிலே திருத்தம் வந்தபோது அது 37 ஆக உயர்ந்தது. இந்த 37ஐ வாசகர் முன்பே கண்டிருக்கிறார்கள். நூறு நிமிடங்களில் ஒருவர் மட்டுமே அழைக்கும் நிமிடங்கள் எத்தனையோ, அத்தனையே மோதலின்றிச் சேரும் பொதிகளும்.

ஆயினும் இங்கே எர்லாங்கின் கணக்கிலே அடங்காத ஒன்று தலை காட்டியது. அவர் சூத்திரத்திலே, வழி கிடையாதவர் போய்விடுவார், திரும்ப வரமாட்டார். மெய்யுலகிலோ மீண்டும் மீண்டும் அழைப்பர். மோதிய பொதிகள் மறுபடியும் வர, அவை புதிய பொதிகளோடு மோத, அவையும் மறுபடியும் வர, இறுதியில் வழி முழுதும் ஆரவாரமாயிருக்கும், சேருவது ஒன்றுமிராது.

இதற்கு வழி கண்டவர்கள் அமெரிக்காவில் செரொக்ஸ் கம்பனியின் பாலோ அல்டோ ஆய்வகத்திலிருந்த ரொபேட் மெற்காவ், டேவிட் பொக்ஸ் என்னும் இருவர். 1973இல் அவர்கள் தொடங்கியது ஈதர்நெற் என்னும் கம்பி வலை. எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியிலே தொங்கும். பேசுமுன் செவிமடுக்க வேண்டும். வேறொருவர் பேசினால் பொறுக்க வேண்டும். அவ்வாறு பொறுத்தும் இருவர் ஒருங்கே தொடங்குவதுண்டு. உடனே இருவரும் நிறுத்தி விலக வேண்டும். இருவரும் ஒரே அளவு காத்திருந்தால் மறுபடியும் மோதுவர். குறுகிய வாயிலிலே எதிர்ப்பட்ட இரு பண்பாளர் ஒருங்கே ஒதுங்கி ஒருங்கே அடியெடுத்து வைப்பது போல. ஆகவே ஒவ்வொருவரும் குலுக்கல் முறையிலே காலத்தைத் தெரிந்தெடுப்பர். முதல் மோதலுக்குப் பின் இரண்டு வாய்ப்புகளிலிருந்து. இரண்டாவதற்குப் பின் நான்கிலிருந்து. மூன்றாவதற்குப் பின் எட்டிலிருந்து. இவ்வாறு இரட்டித்து 1024 வரை செல்லும். 16 முறை முயன்றும் இயலாவிடின் பொதியைக் கைவிட்டு, இயலவில்லை என்று அறிவிக்கும். நெருக்கடி மிக மிகப் பொறுமையும் இரட்டிப்பாகின்றது. இத்தகைய அடக்கத்தை மருதானைச் சந்தியிலே மாலை ஐந்து மணிக்கு யான் கண்டதில்லை.

வேறு வழியும் இல்லாமலில்லை. நம் மலைநாட்டு ஒற்றை இருப்புப் பாதையிலே, ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரை செல்வதற்கு உரிமையாக உலோக வில்லையொன்றை வண்டிச் சாரதியிடம் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வில்லை கையில் இல்லாதவர் அப்பகுதியுள் நுழையலாகாது. ஒரு நேரத்தில் ஒரு வில்லையே கருவியிலிருந்து வெளிவருமாதலால் மோதலுக்கு இடமில்லை. கணினிகளுக்கும் இவ்வாறு வில்லையைக் கைமாற்றும் வலையை 1980களில் ஐ.பி.எம். கம்பனியார் விற்றனர். ஆனால் வில்லை தன்னிடம் வரும் வரை எவரும் காத்திருக்கவே வேண்டும். வழி வெறிதாய்க் கிடப்பினும் காத்திருக்க வேண்டும். விலையாலும் எளிமையாலும் ஈதர்நெற்றே வென்றது. புகையிரதத்திலே மோதினால் உயிர் போகும். பொதி மோதினால் மீள அனுப்பலாம். இரண்டுக்கும் முறை வேறாயிருத்தல் தக்கதே.

இக்காலத்தில் அலுவலகங்களிலே ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி உண்டு. கம்பி வலையில் மோதல் பெரும்பாலும் ஒழிந்தது. வீட்டிலுள்ள கம்பியில்லா வலையில் அது இன்றும் உண்டு. தான் ஒலிபரப்பும்போது பிறர் ஒலியைக் கேட்க இயலாத கருவிகள் அவை. ஒருவரையொருவர் கேளாத இரு கருவிகள் நடுவிலுள்ள மூன்றாவதன் செவியை ஒருங்கே நிரப்பிக் கெடுப்பதும் உண்டு. கம்பியிலோ இழப்பு இடம் மாறியது. வழிகள் கூடும் சந்திகளில் பொதிகளை வரிசையில் நிறுத்தும் கருவிகள் உள்ளன. வரிசைக்கு இடம் இவ்வளவென்று எல்லை உண்டு. நிரம்பிய பின் வரும் பொதியைக் கருவி சத்தமின்றிக் கைவிடுகின்றது. 1986இல் அமெரிக்காவின் பேர்க்லியில், சிலநூறு முழத் தொலைவிலிருந்த இரு நிலையங்களுக்கிடையே வினாடிக்கு 32,000 துகள் சென்ற வழியில் 40 துகளே செல்லும் நிலை உண்டாயிற்று. அனுப்பியவர்கள் கிடைக்கவில்லை என்று மேலும் மேலும் அனுப்பியதே காரணம். வான் ஜேக்கப்சன் என்பவர் ஆராய்ந்து, 1988இல் திருத்தம் வகுத்தார். பொதி தொலைந்ததென்றால் வழியிலே நெருக்கடி என்று உணர்ந்து, அனுப்பும் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அன்று முதல் இழப்பே ஒரு செய்தியாயிற்று.

இனி என் மாணவியின் செய்தி. கடிதம் போன்றவற்றைக் கணினி அனுப்பும்போது, தொலைந்த பொதியை மீள அனுப்பி முழுமையாக்கிய பின்பே நமக்குக் காட்டும். உரையாடலில் அவ்வாறு செய்வதில்லை. பிந்தி வந்த எழுத்து பயனற்றது என்று விட்டுவிடும். 2020இன் அம்மாதங்களில் வீடுதோறும் பிள்ளைகள் ஒரே மணிக்கு வகுப்பிலே கூடினர். ஒருவரையொருவர் அறியாது அழைப்பர் என்னும் எர்லாங்கின் கருத்துக்கு மாறாக, மணியடித்தாற் போல் எல்லாரும் ஒருங்கே வந்தனர். வரிசைகள் நிரம்பின. தொலைந்தவற்றுள் ஒன்று அவளுடைய ஈற்றடி.

பழைய மாணாக்கர் சொல்லியபடி, ஓதியதைப் பதிவு செய்து அனுப்புமாறு அவளுக்கு அறிவித்தேன். பதிவு கடிதம் போலச் செல்வதாதலால், மெல்ல வந்தாலும் முழுமையாக வரும். மறுநாள் வந்தது. நான்கடியும் இருந்தன, ஒரு சீரும் குறையவில்லை. ஓரிடத்தில் மட்டும் வல்லினம் மிகாமல் ஓதியிருந்தாள்; அதற்கு இரண்டு குறைத்து 18 இட்டேன். அடுத்த வகுப்பிலே, முன்பு கடிந்தது என் பிழையென்று எல்லார்க்கும் கூறினேன். அது எத்தனை பேருக்கு முழுமையாகச் சென்று சேர்ந்ததோ அறியேன். ஆதலால் எழுத்திலும் அனுப்பி வைத்தேன்.

எர்லாங் மறைந்து 17 ஆண்டு கழித்து, 1946இல், தொலைபேசித் துறையின் அனைத்துநாட்டு ஆலோசனைக் குழுவினர் போக்குவரத்துச் சுமையை அளக்கும் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டினர். யான் மேலே கணக்கிட்ட, ஒரு மணி நேரத்துக்கு 60 நிமிடப் பேச்சு என்பது ஓர் எர்லாங். என் பழைய மாணாக்கர் நாள்தோறும் இத்தனை எர்லாங் என்று எழுதிப் பழகியவர். அண்மையில் மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரிப் பக்கம் அவரை நேரிலே கண்டபோது, அவ்வலகு ஒரு சிற்றூர்ப் பள்ளியாசிரியரின் மகன் பெயரென்றும், அவரும் ஒன்பதாண்டளவு பிள்ளைகளுக்குக் கற்பித்தவரென்றும் கூறினேன். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்பு அவ்வூரின் பெயரைக் கேட்டார். பேருந்தின் பின்புறத்திலே வைத்து, ஒரு துண்டுக் கடதாசியில் லோன்போர்க் என்று எழுதிக் கொடுத்தேன்.